9.6 பாயின்ட்: லேப் தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தோழர்களே, தம்பி தங்கைகளே,

ஏதோ ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மூலையறையிலோ, பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் தனியார் லேபிலோ, இந்நேரம் நீங்கள் ஊதா மூடி டியூபை மெல்லப் புரட்டிக்கொண்டிருப்பீர்கள். நானும் முப்பத்து மூன்று வருடம் அதைத்தான் செய்தேன். 1986இல் சேர்ந்தேன், 2019இல் வெளியே வந்தேன். அதிகாரிகளுக்கும் டாக்டர்களுக்கும் மடல் எழுத ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். ரிப்போர்ட்டில் ‘ஹெச்.பி.’ (ரத்தத்துக்குச் சிவப்பு தரும் ஹீமோகுளோபின்) என்று அச்சடித்த இடத்துக்கு எதிரே எண்ணை எழுதுகிறவர்களுக்கு யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

கேட்கப்போவது ஒரே ஒரு வரி. சில ரிப்போர்ட்டுகளில் அந்த எண்ணுக்குக் கீழே இன்னொரு வரி சேர்த்து எழுதுங்கள். என்ன வரி, ஏன் என்று சொல்வதற்கு என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. அதில் எனக்குப் பெருமை எதுவும் இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஹீமோகுளோபினை அளக்க ஸாலி பெட்டிதான். இருபுறமும் பழுப்புக் கண்ணாடி, நடுவில் கோடு போட்ட குழாய். குழாயில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டு, பிப்பெட்டில் 20 மைக்ரோலிட்டர் ரத்தத்தை வாயால் உறிஞ்சி (ஆமாம், வாயால்தான்) அதில் ஊத வேண்டும். பத்து நிமிடத்தில் சிவப்பு மாறிப் பழுப்பாகும். அமில ஹீமாட்டின். பிறகு சொட்டுச் சொட்டாகக் காய்ச்சி வடித்த நீர் விட்டு, பக்கத்துக் கண்ணாடியின் நிறத்தோடு ஒத்துப்போகிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்போம். மழை நாளில் ஓர் எண் வரும், வெயில் நாளில் வேறொன்று வரும். மத்தியானம் பசியோடு பார்த்தால் அதுவும் வேறு. அரை பாயின்ட், முக்கால் பாயின்ட் முன்னே பின்னே போவது எங்கள் எல்லோருக்கும் தெரியும். வெளியே சொல்லமாட்டோம்.

அப்புறம் ட்ராப்கின் கரைசல் வந்தது. பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் பொட்டாசியம் சயனைடும் கலந்த மஞ்சள் நீர். 5 மில்லிக்கு அதே 20 மைக்ரோலிட்டர் ரத்தம். முதல் உப்பு ஹீமோகுளோபினை மெத்ஹீமோகுளோபினாக மாற்றும். இரண்டாவது அதைப் பிடித்து சயன்மெத்ஹீமோகுளோபினாக நிறுத்திவைக்கும். 540 நானோமீட்டர் ஒளியில் கலரிமீட்டர் அதை அளக்கும். இன்றைய மெஷின்கள் பலவற்றில் சயனைடு இல்லை, நல்லதுதான். ஆனால் சூத்திரம் அதேதான். அந்தச் சிவப்பை அதன் சொந்தக்கார நிறம் ஒன்றாக மாற்றி அளப்பதுதான் நம் பிழைப்பு.

அந்தச் சொந்தக்காரர்களை நம்மைப் போலத் தினமும் பார்ப்பவர்கள் யாரும் இல்லை. ஊசி போட்டதும் டியூபில் இறங்குகிற கருஞ்சிவப்பைப் பார்த்து, “என்னங்க இவ்ளோ கறுப்பா இருக்கு, கெட்ட ரத்தமா?” என்று கேட்காத ஊர் உண்டா? ஆக்சிஜனை இறக்கிவிட்டுத் திரும்புகிற ஹீமோகுளோபின் அப்படித்தான் இருக்கும், சிரை ரத்தத்தின் நிறமே அதுதான் என்று ஆயிரம் முறை சொல்லியிருப்பேன். அடிபட்டுக் கன்றிய இடம் முதலில் ஊதா, பிறகு பச்சை, பிறகு மஞ்சள். ஹீம் உடைந்து பிலிவெர்டின், அது மாறி பிலிரூபின். அதே பிலிரூபின் கூடிவிட்டால் கண்ணில் தெரியும், காமாலை என்போம். மெத்ஹீமோகுளோபினை நோயாளியின் உடம்பிலேயே ஒரு முறை பார்த்திருக்கிறேன். டாப்சோன் மாத்திரையை அளவுக்கு மீறி விழுங்கிவிட்ட ஒருவர். ரத்தம் சாக்லேட் நிறம். வடிதாளில் ஒரு சொட்டு வைத்துக் காற்றில் ஆட்டினேன், சிவக்கவே இல்லை. மெத்திலீன் நீலம் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள்.

நிறத்தையெல்லாம் இப்படித் தெரிந்து வைத்திருந்த நான் எண்ணில் கோட்டை விட்டேன்.

நம் ஊரில் ஹெச்.பி. என்பது பரீட்சை மார்க் மாதிரி ஆகிவிட்டது. ‘எட்டு பாயின்ட்தான் இருக்காம்’, ‘பதினொண்ணு பாயின்ட் வந்துடுச்சு, இனி பயமில்ல’. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் இத்தனை கிராம் என்பது யார் காதிலும் ஏறாது. ஒருமுறை அரிசி ஆலை மேஸ்திரி ஒருவர் சர்க்கரைக்காக ஹெச்.பி.ஏ1சி பார்த்தார். 9.1 வந்தது. ‘ஹெச்.பி.’ என்ற எழுத்தைப் பார்த்ததும் வீட்டில் ரத்தம் கம்மி என்று முடிவு கட்டி, மூன்று மாதம் பேரீச்சம்பழம், மாதுளை ஜூஸ், வெல்லம் போட்ட எள்ளுருண்டை. திரும்பி வந்தபோது 11.4. “ஏறிடுச்சு பாருங்க” என்று பூரித்து நின்றார். அவருடைய ஹீமோகுளோபினில் எவ்வளவு பங்கின்மேல் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதன் சதவீதம் அது என்று விளக்க எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறது, அதனால்தான் அந்த எண் கடந்த இரண்டு மூன்று மாதக் கணக்கைச் சொல்கிறது என்று அப்போதே ரிப்போர்ட்டின் கீழே அச்சடித்திருந்தால் அவருடைய மூன்று மாதம் வீணாகியிருக்காது.

சாப்பாட்டு விஷயத்திலும் இந்தக் குழப்பம் உண்டு. பீட்ரூட் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்பது பார்வைக்குச் சரி. ஆனால் அதன் சாயத்துக்கும் ஹீமோகுளோபினுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அதே சமயம் கறிக்கடையில் பிள்ளைத்தாய்ச்சிக்கு என்று கேட்டு வாங்குகிற சுவரொட்டியைப் பாருங்கள், அது ஆட்டின் மண்ணீரல். கிழடாகிப்போன சிவப்பணுக்களை உடைத்து இரும்பைப் பிரித்தெடுக்கும் உறுப்பு. அதில் இரும்பு நிறைய இருப்பது உண்மை. அந்த இரும்பும் உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும் வகை. ஸ்லைடு எதுவும் பார்க்காமலே நம் பாட்டிமார் அதைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள்.

சரி, கதைக்கு வருகிறேன்.

2009இல் நான் வேலை பார்த்த லேபுக்கு, ரத்த அணுக்களைத் தானே எண்ணி அளக்கும் செல் கவுன்டர் மெஷின் வந்தது. சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கித் தொடங்கினோம். ஒரு நிமிடத்தில் பதினெட்டு வரி அச்சாகி நாக்கு மாதிரி வெளியே வரும். எங்கள் ரிப்போர்ட் படிவமோ பழையது. ஹெச்.பி., மொத்த வெள்ளையணு, அதன் வகைப்பாடு, பிளேட்லெட், அவ்வளவுதான். மெஷின் சொன்ன பதினெட்டில் தேவையானதை மட்டும் கையால் எடுத்து எழுதிவிட்டு, துண்டுச் சீட்டைக் கம்பியில் குத்தி வைப்போம். மாதக் கடைசியில் பழைய பேப்பர்காரர் எடுத்துப்போவார்.

2011இல் என் தங்கை மகள் வந்தாள். கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். “மாமா, ரத்தம் கம்மியா இருக்கும்னு அம்மா சொல்லுது. நீங்களே பாத்துச் சொல்லிடுங்க.” நானே ஊசி போட்டு எடுத்தேன். 9.6. ஏழுக்கும் கீழே வருகிற பெண்களைத் தினம் பார்க்கிற எனக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை. “இரும்பு மாத்திரை விடாம சாப்பிடு, முருங்கைக்கீரை சேத்துக்க, சாப்பிட்ட கையோட டீ குடிக்காதே” என்று சொல்லி அனுப்பினேன். சொந்தக்காரப் பெண் என்பதால் மெஷின் கக்கிய துண்டையும் ரிப்போர்ட்டோடு பின் அடித்துக் கொடுத்தேன். அதில் எம்.சி.வி. (ஒரு சிவப்பணுவின் சராசரி அளவு) 61 என்றும், சிவப்பணு எண்ணிக்கை 53 லட்சம் என்றும் இருந்தது. இரண்டும் என் கண்ணில் பட்டிருக்கும். மனதில் படவில்லை.

2012இல் அவளை அத்தை மகனுக்கே கட்டிக்கொடுத்தோம். உரிமைப் பையன், நல்ல உழைப்பாளி. மறு வருடம் பிள்ளை உண்டானாள். ஹெச்.பி. 8.4க்கு இறங்கியது. மாத்திரை கொடுத்தார்கள், ஏறவில்லை. அயர்ன் சுக்ரோஸ் நாலு தடவை டிரிப்பில் ஏற்றினார்கள், அப்போதும் சொல்லும்படி ஏறவில்லை. மாத்திரையைத் தூக்கிப் போடுகிறாள் என்று மாமியார் சொன்னாள், என் தங்கை சொன்னாள், நானும் சொன்னேன். “இல்ல மாமா, சத்தியமா சாப்பிடறேன்” என்று அவள் அழுதது எனக்கு நினைவிருக்கிறது.

பையன் பிறக்கும்போது மூன்று கிலோ. முகமெல்லாம் சிவப்பு, நல்ல அழுகை. ஆறு மாதம் வரை ஒரு குறையும் இல்லை. ஏழாம் மாதத்தில் வெளுக்க ஆரம்பித்தான், பால் குடிப்பதைக் குறைத்தான், வயிறு மட்டும் உப்பியது. ஹெச்.பி. 4.2.

ஏன் ஆறு மாதம் வரை தெரியவில்லை? இதை நான் டி.எம்.எல்.டி. என்கிற லேப் டிப்ளமோ படிக்கும்போது பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன். பெரியவர்களின் ஹீமோகுளோபினில் ஆல்ஃபா இழை இரண்டு, பீட்டா இழை இரண்டு, ஒவ்வொன்றின் மடியிலும் ஒரு ஹீம், ஹீமின் நடுவில் ஓர் இரும்பணு. கருவில் இருக்கும் பிள்ளைக்கு பீட்டா இழைக்குப் பதிலாக காமா இழை. கருக்கால ஹீமோகுளோபின் என்கிற அது தாயின் ரத்தத்திலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளத் தோதாக அமைந்தது. பிறந்த பிறகு சில மாதங்களில் காமா உற்பத்தி அடங்கி, பீட்டா பொறுப்பேற்க வேண்டும். எங்கள் பையனுக்குப் பொறுப்பேற்க ஆள் வரவில்லை. அப்பாவிடமிருந்து வந்த பீட்டா மரபணுவும் பழுது, அம்மாவிடமிருந்து வந்ததும் பழுது. தலசீமியா மேஜர் என்கிற பரம்பரை ரத்த நோய்.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஹெச்.பி.எல்.சி. எடுத்தார்கள், ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் பரிசோதனை. ஹெச்.பி.ஏ2 என்கிற சிறுபங்கு ஹீமோகுளோபின் 3.5 சதவீதத்தைத் தாண்டினால் தலசீமியா மைனர், அதாவது ஒரு பீட்டா மரபணு மட்டும் பழுது, என்று பார்ப்பார்கள். அவளுக்கு 5.4, அவருக்கு 5.1. அவளுடைய அப்பாவும் அவருடைய அம்மாவும் கூடப்பிறந்தவர்கள். பழுது எந்த வழியாக இறங்கி வந்தது என்பதை மரம் வரைந்து காட்டத் தேவையில்லை.

அந்தப் பெரிய மருத்துவமனையில் ஒரு டாக்டரம்மா பழைய ஃபைலைப் புரட்டினார். பின் அடித்த துண்டுச் சீட்டு வெளிறிப்போயிருந்தது, ஆனால் படிக்க முடிந்தது. “இது 2011லயே தெரிஞ்சிருக்கே. எந்த லேப்?” என்றார். பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். வாய் வரவில்லை.

அந்தச் சீட்டில் அவர் பார்த்தது என்ன? உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காக இட்லிக் கணக்கில் சொல்கிறேன். இரும்புச் சத்துக் குறைவு என்பது மாவுப் பஞ்சம். இட்லியும் சிறுக்கும், எண்ணிக்கையும் குறையும். தலசீமியா மைனரில் தட்டின் குழியே சின்னது. ஒவ்வொரு இட்லியும் சின்னதாகத்தான் வரும், ஆனால் சமையல்காரர் விடாமல் ஈடு மேல் ஈடாக ஊற்றிக்கொண்டே இருப்பார். எண்ணிப் பார்த்தால் வழக்கத்தைவிடக் கூடவே இருக்கும். மெஷின் மொழியில் சொன்னால், இரண்டிலும் எம்.சி.வி. 80க்குக் கீழே இறங்கும். சிவப்பணு எண்ணிக்கை ஒன்றில் குறையும், இன்னொன்றில் 50 லட்சத்தைத் தாண்டி நிற்கும். எம்.சி.வி.யை மில்லியன் கணக்கிலான எண்ணிக்கையால் வகுத்து, 13க்குக் கீழே வந்தால் மைனரைச் சந்தேகி என்று மென்ட்சர் என்பவர் 1973இலேயே சொல்லிவிட்டார். 61ஐ 5.3ஆல் வகுத்தால் பதினொன்றரை. ஸ்கூல் பையன் போடுகிற கணக்கு.

இது சந்தேகத்துக்கான கணக்கு மட்டும்தான், தீர்ப்பு ஆகாது. ஒரே பெண்ணுக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். கடுமையான இரும்புக் குறைவு ஹெச்.பி.ஏ2வைக் கீழே இழுத்து மைனரை மறைத்துவிடவும் கூடும். ஆல்ஃபா இழையில் வருகிற தலசீமியாவில் ஏ2 உயரவே உயராது. அதனால் எந்தக் கர்ப்பிணியிடமும் ‘உனக்கு மாத்திரை வேண்டாம்’ என்று நாம் சொல்லிவிடக் கூடாது. இரும்பு தேவையா என்பதை, உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை பார்த்து டாக்டர் சொல்லட்டும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்துக்கு மேல் ரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அத்தனை பேருக்கும் மாத்திரை கொடுக்கும் திட்டத்தில் எனக்குச் சண்டை இல்லை. மாத்திரை சாப்பிட்டும் ஏறாதவளைப் பொய்க்காரி ஆக்கினோமே, அதில்தான் சண்டை. அதுவும் முதலில் என்னோடு.

நான் கேட்கும் வரி இதுதான்: ‘சிவப்பணுக்கள் சிறியவை, எண்ணிக்கை குறையவில்லை. ஹெச்.பி.ஏ2 பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேட்கவும்.’ ரப்பர் ஸ்டாம்பாகச் செய்துவைத்துக்கொண்டால் கை வலிக்காது.

‘அண்ணே, நாம டாக்டர் இல்லையே’ என்பீர்கள். உண்மைதான். ஆனால் இதில் நோயின் பெயரே இல்லை. மெஷின் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறோம், அடுத்த கதவைக் காட்டுகிறோம். மலேரியா ஸ்மியரில் ஒட்டுண்ணியைப் பார்த்தால் எழுதாமலா விடுகிறோம்? லேபுக்குப் பொறுப்பான டாக்டரிடம் ஒரு தடவை பேசி, ஸ்டாம்பின் வாசகத்துக்கு ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். நேரமில்லை என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. எனக்கும் நேரம் இருந்ததில்லை.

மூன்றாவதாக ஒரு மறுப்பு உண்டு, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ‘பொண்ணுக்குக் கல்யாணம் நின்னுடுமே.’ நிற்கும். நம் ஊரில் ரிப்போர்ட்டை வாங்க வருவது பெரும்பாலும் மாமியார். கல்யாணமாகாத பெண் என்றால் சித்தப்பா. அந்த வரியைப் படித்துவிட்டு ‘ரத்தத்துலயே கோளாறு’ என்று ஊர் பூராவும் பேசுவார்கள். அதனால் அந்தக் காகிதத்தைச் சம்பந்தப்பட்டவர் கையில் மட்டும் கொடுங்கள். மைனர் என்பது நோயே இல்லை, ஆயுசுக்கும் நன்றாக இருக்கலாம், துணைக்கு மைனர் இல்லையென்றால் பிள்ளைக்கு மேஜர் வராது என்று இரண்டு வார்த்தை சொல்லிக் கொடுங்கள். இருவருமே மைனர் என்றால்தான் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அப்போதும் வழி இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு வாரத்திலேயே நஞ்சுக்கொடியிலிருந்து சிறு துணுக்கு எடுத்துக் கருவின் மரபணுவைப் பார்த்துவிடலாம். என் தங்கை மகளின் இரண்டாவது பிள்ளையை அப்படிப் பார்த்துத்தான் பெற்றெடுத்தாள். பெண் குழந்தை, மைனர், இப்போது எட்டு வயது, வீட்டில் அடங்காத வாய்.

இன்னொன்று. ஆண்களைப் பிடியுங்கள். சோகை என்றாலே பெண்ணின் கையில்தான் நாம் ஊசி போடுகிறோம். அந்த மாப்பிள்ளை, கல்யாணத்துக்கு முன்னால் ரத்ததான முகாமுக்கு இரண்டு முறை போயிருக்கிறார். தானம் கொடுக்க ஹெச்.பி. 12.5 வேண்டும். அவருக்கு 11.8. ‘தம்பி, நல்லா சாப்பிட்டு அடுத்த தடவ வாங்க’ என்று பிஸ்கட்டும் ஜூஸும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வாரம் இரண்டு தடவை கறி தின்று, மண்வெட்டி பிடித்து நாள் முழுக்க வேலை செய்கிற, மாதவிலக்கு என்று ரத்தம் போகாத ஒரு வாலிபனுக்கு ஏன் 11.8 என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. முகாமில் திருப்பி அனுப்பப்படுகிற இளைஞர்களின் பட்டியல்தான் மைனர்களைத் தேடச் சிறந்த இடம் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. பிளட் பேங்கில் வேலை செய்யும் தோழர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

தலசீமியா வடக்கத்தியர் வியாதி என்ற பேச்சை நானும் பேசியிருக்கிறேன். வேலூர் சி.எம்.சி.யில் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையை 1986இல் தொடங்கியதே தலசீமியாவுக்காகத்தான். நான் ஸாலி பெட்டியைத் தொட்ட அதே வருடம். இந்தியாவில் நூற்றில் மூன்று நாலு பேருக்கு மைனர் இருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. உங்கள் லேபில் ஒரு நாளைக்கு நூறு டியூப் என்றால் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பழுது இத்தனை பேரிடம் தங்கியதற்குக் காரணம் மலேரியா. ஒற்றைப் பழுது உள்ளவர்களை மலேரியா அவ்வளவாகக் கொல்வதில்லை. இதை முதலில் ஊகித்துச் சொன்னவர்களில் ஒருவர் மரபியல் அறிஞர் ஹால்டேன், 1949 வாக்கில். பிரிட்டனை விட்டு இந்தியாவுக்கே வந்து குடியேறி, 1964இல் புவனேஸ்வரில் காலமானார். நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் அணு (சிவப்பணு அரிவாள் போல வளைகிற இன்னொரு பரம்பரைப் பழுது) இருப்பதை 1952இலேயே எழுதிவிட்டார்கள். அங்கே பீட்டா இழையின் ஆறாவது இடத்தில் ஒரு அமினோ அமிலம் மாறுகிறது, குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வாலின். 146 மணி கோத்த மாலையில் ஒரு மணி. 2023 ஜூலையில் தொடங்கிய அரிவாள் அணு ஒழிப்புத் திட்டத்தின் 17 மாநிலங்களில் தமிழ்நாடும் இருக்கிறது. மலையில் வேலை செய்யும் தோழர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, அவர்கள்தான் எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டும். சமவெளியில் நாம்தான் தூங்குகிறோம்.

பெரிய லேபில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏ1சி-ஐ ஹெச்.பி.எல்.சி. முறையில் பார்க்கிற மெஷின் உங்களிடம் இருந்தால், வரைபடத்தில் வழக்கமில்லாத இடத்தில் ஒரு கூம்பு எழும்பி நிற்பதை எப்போதாவது பார்த்திருப்பீர்கள். சர்க்கரை எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு அதை ஒதுக்கிவிடாதீர்கள். அது அரிவாள் அணுவின் ஹீமோகுளோபின் எஸ் ஆக இருக்கலாம், டி அல்லது ஈ என்கிற வேறு வகையாக இருக்கலாம். அப்படிப்பட்டவருக்கு அந்த ஏ1சி எண்ணையே நம்ப முடியாமல் போகவும் கூடும்.

சைப்ரஸ் என்றொரு குட்டித் தீவு. ஏழு பேரில் ஒருவருக்கு மைனர். கல்யாணத்துக்கு முன் ரத்தப் பரிசோதனைச் சீட்டு வேண்டும் என்று அங்கே சர்ச்சே கேட்க ஆரம்பித்தது. மேஜர் குழந்தைகள் பிறப்பது ஏறக்குறைய நின்றேபோனது. கோயிலையும் மசூதியையும் நான் இதில் இழுக்கவில்லை. நம் ஊரில் ஜாதகம் பார்க்கிற நேரத்தில் ஹெச்.பி.ஏ2வும் பார்க்கலாம் என்று மேடையில் யாராவது சொன்னால் கைதட்டுகிறார்கள், வீட்டுக்குப் போய் ஜாதகம் மட்டும் பார்க்கிறார்கள். அதனால்தான் கல்யாண மண்டபத்தை நம்பாமல் லேப் மேசையை நம்பி எழுதுகிறேன். மெஷின் ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டது. தனியாகச் செலவில்லை, தனியாக ஊசியில்லை. நாம் படித்துச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

பையன் இப்போது ஆறாம் வகுப்பு. மூன்று வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்ற வேண்டும், இதுவரை நூற்றைம்பது தடவைக்கு மேல் ஆகிவிட்டது. ஒரு பை ரத்தத்தில் 200 மில்லிகிராமுக்கும் மேல் இரும்பு இருக்கிறது. சாதாரண உடம்பு சாப்பாட்டிலிருந்து ஒரு நாளைக்கு எடுத்துக்கொள்வது ஒன்று இரண்டு மில்லிகிராம்தான். வந்த இரும்பை வெளியே தள்ள உடம்பில் வழி இல்லை. அது ஈரலிலும் இதயத்திலும் படியும். அதை இழுத்து வெளியேற்றத் தினமும் காலையில் ஒரு மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிறாள் அவன் அம்மா. அவளுக்கு ‘இரும்பு, இரும்பு’ என்று ஓதின நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். தங்கச்சியின் மஜ்ஜை பொருந்துமா என்று பார்த்தோம், பொருந்தவில்லை.

ரத்தம் ஏற்றுவதற்கு முதல் நாள் அவனுக்கு ஹெச்.பி. பார்க்க வேண்டும். எங்கள் தெரு முனை லேபில் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். போன தடவை ரிப்போர்ட்டைக் கையில் கொடுக்காமல் மெஷின் சீட்டை விரித்து வைத்து, “தாத்தா, இதுல இவ்ளோ இருக்கே, இதெல்லாம் நாம ஏன் எழுதறதில்ல?” என்று கேட்டாள். அன்று ராத்திரிதான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு லேப் டெக்னீஷியன்

பின்குறிப்பு: செல் கவுன்டர் இல்லாத இடத்தில் இருக்கிறீர்களா? மைனரைச் சந்தேகிக்க, வெறும் கண்ணால் பார்க்கிற நெஸ்ட்ராஃப்ட் என்ற சோதனை போதும். 0.36 சதவீத பஃபர் உப்புக் கரைசல் ஒரு குழாயில், பக்கத்துக் குழாயில் காய்ச்சி வடித்த நீர், இரண்டிலும் ஒரே அளவு, தலா 20 மைக்ரோலிட்டர் ரத்தம். அரை மணி நேரம் கழித்து, கறுப்புக் கோடு போட்ட வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். உப்புக் கரைசல் வழியாகவும் கோடு பளிச்சென்று தெரிந்தால் பிரச்சினை இல்லை. கலங்கலாகிக் கோடு மறைந்தால் மேலே அனுப்புங்கள். இரும்புக் குறைவிலும் சில சமயம் கலங்கும், அதைக் குறிப்பில் எழுதுங்கள். பழைய கரைசல் காலை வாரிவிடும்; நார்மல் என்று உறுதியாகத் தெரிந்த ஒருவரின் ரத்தத்தை ஒவ்வொரு தடவையும் கூடவே வைத்துப் பாருங்கள். நான் என் ரத்தத்தையே வைத்துக்கொள்வேன், 14.1.